23 பிள்ளைகள், 23 பாடங்கள், 2 ஆசிரியர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி ஒன்றியத்தில் கடலை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி நீங்கள். உங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு 23 பிள்ளைகள். தலைமை ஆசிரியரையும் சேர்த்து 2 பேர் பாடம் எடுக்கிறார்கள். மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒரு டீச்சருக்குப் பதினொன்று, பன்னிரண்டு பிள்ளைதான் என்றால் நம் பள்ளி அல்லவா நன்றாக இருக்க வேண்டும், நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் வகுத்தல் வரவில்லை? எண்ணிக்கை இன்னும் இறங்கினால் ஒரு டீச்சரை எடுத்துவிடுவார்களா? பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறதே, எதிர்க்கலாமா?

நான் திருப்புல்லாணி, கடலாடி, மண்டபம் ஒன்றியங்களில் இடைநிலை ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தாயி.

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தானாகப் பிடிபடும். பிள்ளைகளை ஆசிரியர்களால் வகுத்துப் பார்ப்பது அலுவலகத்துக் கணக்கு. அதில் உங்கள் பள்ளி மிக வசதியானது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நிற்கிறவர் கையில் வருவது பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல, வகுப்புகளின் எண்ணிக்கை. ஒன்றாம் வகுப்பில் 3 பேர், இரண்டில் 6, மூன்றில் 4, நான்கில் 3, ஐந்தில் 7 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு நான்கு பாடம். மூன்று முதல் ஐந்து வரை சூழ்நிலையியலுக்குப் பதில் அறிவியலும் சமூக அறிவியலும், ஆக ஐந்து ஐந்து பாடம். கூட்டிப் பாருங்கள், 23 பாடம் வரும். உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளையோ அத்தனை பாடம்! அந்த 23 பாடத்தையும் 2 பேர் நடத்த வேண்டும்.

இதையே நிமிடத்தில் சொல்கிறேன். பிரார்த்தனை, இடைவேளை, சாப்பாடு போக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பாடம் என்று வைத்துக்கொள்வோம். 300 நிமிடம். இரண்டு பேருக்கு 600. ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 120 நிமிடம். அதாவது உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பாடம் கேட்கும் நேரம் நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். மீதி மூன்று மணி நேரம் “எழுதிக்கிட்டே இரு, வந்துடுறேன்.” அந்த இரண்டு மணி நேரத்தையும் ஐந்து பாடத்துக்குப் பிரித்தால் கணக்குக்கு 24 நிமிடம். சாயல்குடிப் பக்கம் தனியார் பள்ளிக்கு வேனில் போகும் பிள்ளை நாற்பது பேரோடு உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அந்த வகுப்புக்கென்று ஓர் ஆசிரியர் நாள் முழுக்க நிற்கிறார். அவர் நன்றாக நடத்துகிறாரா என்பது வேறு பேச்சு. பல இடங்களில் நன்றாக நடத்துவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். பெற்றோரை இழுக்கும் பாதி வேலையை வேனும் டையும் செய்துவிடும்.

இப்போது ஓர் ஆசிரியர் வரவில்லை என்று வையுங்கள். 300 நிமிடத்தை ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம், கணக்குக்கு 12 நிமிடம். வகுத்தலில் மீதி என்றால் என்ன என்று புளியங்கொட்டையை வைத்துக் காட்டவே பத்து நிமிடம் போய்விடும். அப்படி எத்தனை நாள் வரும்? அரசு ஆசிரியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. இருவரும் எடுத்தால் 24 நாள் பள்ளி ஓராசிரியர் பள்ளி. குறுவள மையப் பயிற்சி, ஒன்றிய அலுவலகக் கூட்டம், வாக்காளர் பட்டியல் வேலை, பாடநூல் சீருடை எடுத்துவரப் போவது, காய்ச்சல் என்று மருத்துவ விடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். அதில் எத்தனை நாள் இரண்டு பேரும் இருந்தார்கள் என்று ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். மேலாண்மைக் குழுவுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் சண்டைக்குப் போகிற மாதிரிப் போகாதீர்கள். அந்த இரண்டு பேரும் பாவம், குற்றவாளிகள் இல்லை. 2021 முதல் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். அது நியாயமான விடுப்பு, நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் இரண்டு பேர் இருக்கும் பள்ளியில் ஒருவர் அந்த விடுப்பில் போனால் ஒரு முழுக் கல்வியாண்டுக்கு அந்தப் பள்ளி ஒற்றை ஆள் பள்ளி.

எண்ணிக்கை குறைவதில் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 23 பிள்ளையின் வீடும் வாசலும் தெரியும். எவன் அப்பா கடலுக்குப் போய் மூன்று நாளாகத் திரும்பவில்லை, எவள் காலையில் சாப்பிடவில்லை என்பதெல்லாம் பெயர் கூப்பிடும்போதே தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகள் நேரத்தோடு வருகிறார்கள். அதற்கும் சின்னப் பள்ளி வசதிதான். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போனால் குறைவே ஒரு குறையாகிவிடும். மூன்று பேர் உள்ள வகுப்பில் ஒருவனுக்கு அம்மை போட்டால் மீதி இரண்டு பேர் யாரோடு வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள்? கபடிக்கு ஆள் சேராது. ஐந்து வருடம் ஒரே ஒரு பெண் பிள்ளை மட்டும் இருந்த வகுப்பை நான் வைத்திருந்தேன். கெட்டிக்காரி, ஆனால் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனபோது ஒரு மாதம் வாய் திறக்கவில்லையாம்.

இரண்டாம் கேள்வி. 23 என்பது 15 ஆனாலும் உங்கள் பள்ளியின் இரண்டு பணியிடமும் போகாது. காரணம் சட்டத்தின் படிக்கட்டு. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்வது இது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, அதற்கு மேல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால்தான் தலைமை ஆசிரியர் தனி. ஆக உங்கள் பள்ளி கடைசிப் படியில் நிற்கிறது. அதற்குக் கீழே படி இல்லை. சரிவு எங்கே என்றால் படியின் விளிம்பில். 61 பிள்ளைக்கு 3 பேர், 60-க்கு 2 பேர். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் ஓர் ஆசிரியர் போய்விடுவார்.

இது எனக்கே நடந்தது. திருப்புல்லாணி ஒன்றியத்தில் ஒரு பள்ளி. 63 பிள்ளை, 3 ஆசிரியர். ஜூலையில் இரண்டு வீட்டார் படகு வேலைக்காகத் தூத்துக்குடிக்குப் போனார்கள், நான்கு பிள்ளைகளோடு. நம் மாநிலத்தில் ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிப்பார்கள். அன்று எங்களிடம் 59. மூன்றாமவர் “உபரி” ஆகிவிட்டார். உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலில் பணியில் இளையவர்தான் போக வேண்டும். ஒன்று இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டிருந்த, பாட்டும் கதையுமாகப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டு வைத்திருந்த டீச்சர் அவர். அவர் போனதும் அந்த இரண்டு வகுப்பும் மூன்றாம் வகுப்போடு என் தலையில் விழுந்தன. ஊர்க்காரர்களுக்குக் கண் இருக்கிறது. அடுத்த ஜூனில் ஒன்பது பிள்ளைகள் வேன் ஏறினார்கள். நான் ஒருவரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் வேறு வழி இருந்தது என்பார்கள் பெரிசுகள். ஊரை விட்டுப் போன பிள்ளையின் பெயரை ஆகஸ்ட் முடியும்வரை பதிவேட்டில் வைத்திருப்பது. நடந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. இப்போது எமிஸ் என்ற இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். வெளியேறிய பிள்ளையை அதில் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டால்தான் சேர்ந்த பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். அங்கிருந்து போன் மேல் போன் வரும். அந்தக் கதவு அடைபட்டது நல்லதுதான்.

படிக்கட்டில் எனக்கு உள்ள குறை ஒன்றே ஒன்று. அதே அட்டவணையில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் சட்டத்தின் பேச்சு மாறுகிறது. அங்கே “வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர்” என்று இருக்கிறது. அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்றும் இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு வகுப்பை எண்ணத் தெரிந்த சட்டம் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலையை மட்டும் எண்ணுகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில்தானே ஆள் பக்கத்தில் வேண்டும்? 2010-ல் ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர் அடைந்து கிடந்த பள்ளிகளை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். நெரிசலுக்கு எழுதின மருந்தை வெறிச்சோடிய பள்ளிக்கும் கொடுக்கிறோம்.

இரண்டு பணியிடம் போகாது என்றேன். பணியிடம் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு. இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனம் ஏறக்குறையப் பத்தாண்டு நடக்கவில்லை. 2024 ஜூலையில்தான் 1,768 இடங்களுக்குப் போட்டித் தேர்வு வைத்தார்கள், இடங்களையும் கூட்டினார்கள். இடையில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகளை உபரி ஆசிரியர்களை வைத்தே நிரப்பிவிடலாம் என்ற எண்ணம்தான் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். கணக்குப்படி உபரி இருக்கிறது, ஆனால் உபரி இருக்கிற ஊர் வேறு, ஆள் வேண்டிய ஊர் வேறு. நம் மாவட்டத்தைப் பற்றி “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்” என்று மிரட்டியே பழகிய அரசு நிர்வாகம் இது. கன்னியாகுமரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிற இளம் ஆசிரியர்கள் ஒவ்வொரு மாறுதல் கலந்தாய்வுக்கும் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மூக்கையூர்ப் பக்கமோ நரிப்பையூர்ப் பக்கமோ வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தால் தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டால் சாயல்குடிக்கு ஆட்டோ பிடித்து மாளாது.

எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் “வாத்தியார் சரியில்ல, அதான்” என்று முடித்துவிடுகிறார்கள். முதல் காரணம் பிள்ளைகளே பிறப்பதில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 2.1 இருந்தால்தான் மக்கள்தொகை அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் அது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8, 2020-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 1.4. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே வீட்டிலிருந்து ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்பு என மூன்று பிள்ளை வரும், பெரியவள் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். இப்போது ஒரு வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதற்கு எந்த வாத்தியாரும் பொறுப்பில்லை.

அடுத்தது வயது. நம் பள்ளி பிள்ளையை 5 வயதில் சேர்க்கிறது. வேன் 3 வயதில் எல்.கே.ஜி.க்குக் கூட்டிப்போகிறது. போட்டியே இரண்டு ஆண்டு முன்னால் முடிந்துவிடுகிறது. ஜூனில் நாம் தாம்பூலத்தோடு சேர்க்கைப் பேரணி போகும்போது, யாரை அழைக்கிறோமோ அந்தப் பிள்ளை ஏற்கெனவே யு.கே.ஜி. முடித்து ஆங்கிலத்தில் பாட்டுப் பாடிக் காட்டும். 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கினார்கள். நல்ல யோசனை, ஆனால் உங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகளுக்கு அது வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடமும் சேர்ந்துகொண்டது. ஏழை வீட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்க அரசே கட்டணம் கட்டுகிறது. அதனால் பயன்பெற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கையால் பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு, மறு கையால் இங்கே எண்ணிக்கை குறைந்தது என்று ஆசிரியரை எடுப்பது எப்படி என்று மட்டும் கேட்பேன்.

மூன்றாவது நம் கடற்கரைக்கே உரியது. விசைப்படகு வேலைக்கு ராமேசுவரம், மண்டபம், தூத்துக்குடி என்று குடும்பத்தோடு நகர்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அப்பா வளைகுடாவில், அம்மாவும் பிள்ளையும் படிப்புக்காகச் சென்னையில். சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனைப் பருவத்தில் விடிலிக் குடிசை போட்டுக் காட்டிலேயே தங்கிவிடும் குடும்பங்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை கருப்பட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். பாம்பனைத் தாண்டித் தீவுக்குள் போனால் கதை வேறு. அங்கே சில பள்ளிகளில் வகுப்பறை போதாமல் மரத்தடியில் உட்கார வைத்திருந்ததை நான் மண்டபம் ஒன்றியத்தில் இருந்தபோது பார்த்தேன். ஒரே மாவட்டம், ஒரே கடல், ஒரு முனையில் நெரிசல், மறு முனையில் வெறுமை. மாவட்டச் சராசரி இரண்டையும் கூட்டி வகுத்து “போதுமான ஆசிரியர் உள்ளனர்” என்று சொல்லும். சட்டம் விகிதத்தைப் பள்ளிவாரியாகத்தான் பார்க்கச் சொல்கிறது என்பதை யாராவது அலுவலகத்தில் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி, இணைப்பு. “பள்ளியை மூட விடமாட்டோம்” என்று உடனே பேனர் கட்டாதீர்கள், முதலில் கணக்கைப் போடுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் 31 பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் 2 ஆசிரியர். இரண்டையும் சேர்த்தால் 54 பிள்ளை. படிக்கட்டை மறுபடி பாருங்கள்: 60 வரை 2 பேர். இணைப்புக்கு முன் இரண்டு ஊருக்குமாக 4 ஆசிரியர், இணைப்புக்குப் பின் 2. ஐந்து வகுப்பு அப்படியே இருக்கும், 23 பாடம் அப்படியே இருக்கும், மொத்தப் பிள்ளை மட்டும் உங்கள் பள்ளியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளையின் 24 நிமிடம் ஒரு வினாடிகூடக் கூடாது. பெரிய பள்ளி வந்தால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வருவார் என்று சொல்பவரிடம் “எழுத்தில் தருவீர்களா” என்று கேளுங்கள். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர், பிள்ளைகளை ஏற்றி இறக்க வண்டி, இரண்டும் ஆணையில் இருந்தால் நான் இணைப்பின் பக்கம் நிற்பேன். ஊருக்கு ஒரு கட்டடம் இருப்பதைவிடப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருப்பது எனக்கு முக்கியம். நான்கு பேரை இரண்டாக்கும் இணைப்புக்குத் தலையாட்டாதீர்கள்.

தூரத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தாளில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமென்றால் அந்தச் சாலையில் மீன் லாரி வரும் வேகத்தை ஒரு நாள் அதிகாரியை நிறுத்திக் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நிரம்பினால் பாதை எந்தப் பக்கம் சுற்றும் என்பதையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகளை நூலகமாக மாற்ற அரசு முடிவெடுத்தது. எண்ணிக்கை பூச்சியமாகும்வரை காத்திருந்தால் பேசுவதற்கு ஊரில் பெற்றோரே மிஞ்சமாட்டார்கள். இப்போது 23 இருக்கும்போதே பேச வேண்டும்.

இனி, இருக்கிற இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? ஐந்து வகுப்பை ஐந்து வகுப்பாகவே நடத்த முயல்வதுதான் பெரிய தவறு. 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், அட்டையும் ஏணிப்படியுமாக வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்தது. பலர் அதைத் திட்டினார்கள், பெரிய பள்ளிகளில் அது சந்தைக்கடையானதும் உண்மை. ஆனால் ஈராசிரியர் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான முறையை நான் கண்டதில்லை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்துப் பிரிப்பதும் அதே எண்ணம்தான். ஆகவே ஒன்று முதல் மூன்று வரை 13 பிள்ளைகளை ஒருவர், நான்கும் ஐந்தும் சேர்ந்த 10 பிள்ளைகளை ஒருவர் எடுத்துக்கொள்ளலாமா என்று தலைமை ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். ஒருவேளை அப்படித்தான் செய்துகொண்டும் இருப்பார்.

நாலுக்கும் ஐந்துக்கும் கணக்கைத் தனித்தனியாக நடத்தக் கூடாது. ஜூனில் முதல் நான்கு வாரம் பத்துப் பேருக்கும் பெருக்கலும் வகுத்தலும் மட்டும். ஐந்தாம் வகுப்பில் உள்ள ஏழு பேரில் நான்கு பேருக்காவது அது தேவைப்படும், நான் பந்தயம் கட்டுகிறேன். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சமூக அறிவியலில் நான் இன்னொன்றும் செய்தேன்: ஓர் ஆண்டு இரண்டு வகுப்புக்கும் நாலாம் வகுப்புப் புத்தகம், மறு ஆண்டு இரண்டுக்கும் ஐந்தாம் வகுப்புப் புத்தகம். அதிகாரி வந்தால் மேசைமேல் சரியான புத்தகம் இருக்கும். இதை நான் சொன்னதாக வெளியே சொல்லாதீர்கள்.

ஓர் இடம் காலியாகிவிட்டால் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை வைக்கும் ஏற்பாடு 2022-ல் வந்தது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு அறிவித்த தொகை மாதம் 7,500 ரூபாய். அந்தக் காசுக்கு யார் வருவார் என்று சிரித்தவர்கள் உண்டு. உள்ளூரில் ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள்தான் வந்தார்கள், சிலர் நிரந்தர ஆசிரியரைவிட நன்றாகவும் நடத்தினார்கள். மாலையில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் இருந்தால் அவரையும் பயன்படுத்துங்கள். ஆனால் அவரைக் காட்டி “ஆள் இருக்கிறதே” என்று யாராவது கணக்குக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தன்னார்வலர் துணைக்கு வருபவர், அந்த நாற்காலி அவருடையதல்ல. ஆசிரியரை வகுப்பிலிருந்து கிளப்பும் வேலைகளுக்கும் எல்லை உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வெளி வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது சட்டத்தின் 27-ஆம் பிரிவு.

உங்கள் கையில் உள்ள ஆயுதத்தைப் பலர் எடுப்பதே இல்லை. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது மேலாண்மைக் குழுவின் சட்டக் கடமை. அதில் அடுத்த மூன்று ஆண்டுக்கு வகுப்புவாரியாக எத்தனை பிள்ளை வருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று எழுத இடம் உண்டு. பெரும்பாலும் அந்தத் தாளில் சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நீங்கள் வகுப்புக் கணக்கை எழுதுங்கள். இந்த ஆண்டு 23-ல் ஐந்தாம் வகுப்பின் 7 பேர் போனால் 16. அங்கன்வாடியில் 5 வயதாகும் பிள்ளைகள் 5, அதில் 2 பேர் வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள் என்கிறீர்கள். மீதி 3 பேர் வந்தால் 19. அதற்கடுத்த ஆண்டு இப்போதைய நாலாம் வகுப்பின் 3 பேர் மட்டும்தான் வெளியேறுகிறார்கள், ஆக மீந்த 16 பேரோடு மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் ஏற்றம்தான். இதை எழுதிவிட்டு அதன் கீழே, ஆசிரியர் ஒருவர் 15 நாளுக்கு மேல் விடுப்பில் போனால் மாற்று ஆள் தர வேண்டும், இணைப்பு என்றால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற உறுதியோடுதான் என்று தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல், மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். கிராம சபையிலும் அதே தீர்மானத்தை ஏற்றிவிட்டால் கனம் கூடும்.

கூட்டத்தை ஜூனில் வைக்காதீர்கள், அதற்குள் வேன் பள்ளிகளில் சேர்க்கை முடிந்துவிடும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகெல்லாம் கரையில், ஆண்கள் ஊரில். அந்த முதல் வாரத்தில் ஒரு மாலை, வலை பின்னுகிற இடத்திலேயே கூட்டத்தைப் போடுங்கள். வேனுக்கு முன்பணம் கட்டிய அந்த இரண்டு வீட்டு அப்பாக்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.